டப்பாவில் இல்லாத பெயர்

அப்பா ஊர்க்காவல் படையில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். முப்பத்தொன்று என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்துக்குள்தான் அவர் இறந்தார்.

பெயர் தளவாய். தாராவியில் தோல் பெல்ட் வெட்டும் பட்டறையில் வேலை. வலது கையில் ஆள்காட்டி விரல் நுனி கிடையாது. வெட்டுக் கத்தியில் போனது. அந்த விரலாலேயே சல்யூட் அடிப்பார். அம்மா பெயர் பேராச்சி. நான் ஒரே மகள், கோகிலவாணி. அணுசக்தி நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை.

ஊர்க்காவல் படை சம்பளப் படை அல்ல. வேறு வேலை பார்ப்பவர்கள் ஞாயிறு காலையில் மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் பரேடுக்கு நிற்பார்கள். ஊர்வலம், திருவிழா, வெள்ளம், தேர்தல் என்று அழைப்பு வந்தால் காக்கி மாட்டிக்கொண்டு போலீசுக்குத் துணையாகப் போவார்கள். நின்ற நாளுக்கு மட்டும் படி. சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபதிவு செய்ய வேண்டும்.

இந்தப் படை இந்த ஊரில்தான் பிறந்தது. 1946 டிசம்பர். கலவரக் காலம். அவரவர் தெருவை அவரவரே காக்கட்டும் என்று பொதுமக்களைச் சேர்த்துத் தொடங்கினார்கள். சீனப் போருக்குப் பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. இதை அப்பா பட்டறையில், ரேஷன் கடை வரிசையில், என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

அவர் சேர்ந்ததும் ஒரு கலவரத்துக்குப் பிறகுதான். 1993 ஜனவரியில் எங்கள் சந்து முனையில் ஆறு ஆண்கள் கம்போடு இரவெல்லாம் நின்றார்கள். எனக்கு அப்போது இரண்டு வயது. எதிர்ச் சந்திலும் அதே மாதிரி ஆறு பேர் கம்போடு நின்றார்களாம். அவர்களைப் பார்த்து இவர்களுக்குப் பயம், இவர்களைப் பார்த்து அவர்களுக்குப் பயம். நான்காம் நாள் காக்கி போட்ட ஒரே ஒரு ஊர்க்காவல் படைக்காரர், கையில் விசிலோடு, இரண்டு சந்துக்கும் நடுவில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் கம்பைக் கீழே வைத்தார்கள். அந்த ஜூனில் அப்பா பதிவு செய்தார்.

தெருவில் கேலி குறைவில்லை.

"ஏ தளவாயி, சம்பளம் இல்லாத போலீசு, எங்கவே கெளம்பிட்டீரு?"

"நீ குடிச்சிட்டு ரோட்டுல கெடப்பல்லா, ஒன்னத் தூக்கிப் போடத்தான்."

டிசம்பர் ஆறு படை தொடங்கிய நாள். மற்ற ஊர்களில் அன்று பரேடு, இனிப்பு. மும்பையில் அன்று தாதருக்கு அம்பேத்கர் நினைவுநாளுக்காக லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள்; ஆகவே படையின் பிறந்தநாளில் படை முழுவதும் தெருவில் நிற்கும். "நம்ம பர்த்டேக்கு வந்த கூட்டம் பாத்தியா ஏளா" என்று அம்மாவிடம் சொல்வார். ஒவ்வொரு வருடமும் சொல்வார். அம்மா ஒவ்வொரு வருடமும் பதில் சொல்லாமல் கால் கழுவத் தண்ணீர் வைப்பாள்.

2022 ஜூனில் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"ஏட்டி, பிரஷர் பாக்குற மெஷின் தப்பாக் காட்டுமா?"

"காட்டும்ப்பா. கையில கட்டுற பட்டை சரியாச் சுத்தலன்னா இருபது கூடக் காட்டும்."

"அப்படிச் சொல்லு."

"யாருக்குப்பா?"

"பட்டறையில ஒருத்தனுக்கு."

சந்தோஷமாகத்தான் போனார். நான் மேலே கேட்கவில்லை. கருவி சரியாகவும் காட்டியிருக்கலாம் என்று சொல்லவும் இல்லை.

2024 மே 20, திங்கள். மும்பையில் வாக்குப்பதிவு. அதிகாலையிலேயே காக்கி போட்டுக் கிளம்பியிருக்கிறார். வாக்குச்சாவடியில் போன் கூடாது என்று போனை வீட்டில் வைத்துவிட்டார். தேர்தல் டூட்டி முடிந்து மறுநாள் விடிந்த பிறகு வருவதும் உண்டு என்பதால் அம்மா காத்திருந்தாள். செவ்வாய் காலை ஆறு பத்துக்கு எனக்குப் போன் வந்தது.

"ஏட்டி, ஒங்கப்பா இன்னும் வரலட்டி."

"மிஷின ஒப்படைக்க லேட்டாயிருக்கும்மா."

"லேட்டானா யாரு போன்லயாவது கூப்ட்டுச் சொல்லுவாரு. நேத்து ஒரு போனும் வரல."

எட்டு மணிக்குத் தாராவியில் இருந்தேன். அப்பாவின் போன் அலமாரி மேல் சார்ஜில் கிடந்தது; அதைத் திறக்கும் எண் எங்களுக்குத் தெரியாது. யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியவில்லை. படை ஆட்களின் எண் ஏதாவது எழுதி வைத்திருப்பாரா என்று அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். துவைத்து மடித்த காக்கி ஒரு செட், பாலிஷ், பிரஷ், ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டைகள். கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை மராத்தி எழுத்து. ஏழு பட்டைகள். ஏழும் வேறு வேறு ஆட்களின் பெயர். தளவாய் என்று ஒன்றுகூட இல்லை.

அவருடையது சட்டையில் இருக்கும் என்று நினைத்தேன். மற்றவை எதற்கு என்று யோசிக்கவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படையின் மையம் பத்து மணிக்குத் திறந்தது. அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். எழுத்தர் இந்தியில் பேசினார்.

"தளவாயா? அந்தப் பேர்ல ஆள் இல்லயே."

"முப்பத்தொரு வருஷமா இருக்கார் சார். தாராவி பிளாட்டூன்."

அவர் பழைய பதிவேட்டை எடுத்துப் பக்கம் புரட்டித் தேடினார். பிறகு அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 2022 ஜூன். மறுபதிவு மருத்துவச் சோதனை. இரத்த அழுத்தம் 180/110. தகுதி இல்லை. பெயர் நீக்கம். கீழே அப்பாவின் கையெழுத்து.

"அப்ப நேத்து அவர் டூட்டிக்கு வரலயா?"

"எப்படி வருவார்? நேத்து நூத்துக்கு நூறு வருகை. ஒருத்தன் மட்டும் வெயில்ல மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. காலையில நானே போன் பண்ணிக் கேட்டேன். வீட்டுக்கு வந்துட்டானாம், நல்லா இருக்கானாம்."

மயங்கியவனின் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் கை நிற்கிறது. கேட்கவில்லை.

வெளியே வந்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு அந்த நடைபாதையிலேயே நின்று டப்பாவைத் திறந்தேன். இப்போது புரிந்தது.

பத்லி.

பம்பாய் மில்களில் இருந்த வார்த்தை. ஒருவன் வராத நாளில் அவன் இடத்தில் நிற்கும் மாற்றாள். எங்கள் பக்கத்து ஊர்க்காவல் படைக்காரர்களிடம் இது ரகசிய வழக்கமாக இருந்தது. அழைப்புக்கு மூன்று முறை வராவிட்டால் பெயர் வெட்டு விழும் என்ற பயம். ஒருவனுக்குப் பட்டறையில் அவசர ஆர்டர் இருக்கும், ஒருவன் ஊருக்குப் போயிருப்பான். அவனுடைய பட்டையைக் குத்திக்கொண்டு இன்னொருவன் நிற்பான். அதற்கென்றே பலர் இன்னொரு பட்டை செய்து கொடுத்து வைத்திருந்தார்கள். மேலிருந்து வரும் அதிகாரிகளுக்கு முகம் தெரியாது, தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். அப்பா இந்தப் பழக்கத்தைப் பற்றி வீட்டில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். வேறு யாரோ செய்கிற காரியம் மாதிரித்தான் சொன்னார்.

இரண்டு ஆண்டுகளாக அவர் பத்லியாகவே வாழ்ந்திருக்கிறார். ஞாயிறு பரேடு, கணபதி ஊர்வலம், டிசம்பர் ஆறு, எல்லாம் அடுத்தவர் பெயரில்.

அப்படியானால் நேற்று அவர் யார் பெயரில் நின்றார்? அவர் போன இடம் அந்த ஆளுக்குத்தான் தெரியும். கையில் ஏழு பெயர் இருந்தது; ஏழும் எங்கள் பக்கத்து ஆட்கள். ஏழு வீட்டுக்கும் போவது என்று முடிவு செய்தேன். நடுநடுவே ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தேன். "தளவாய், வயது ஐம்பத்தெட்டு." எட்டு ஆஸ்பத்திரியில் கேட்டேன். அந்தப் பெயரில் எங்கும் யாரும் இல்லை.

முதல் வீட்டில் கதவைப் பாதி திறந்தான்.

"அந்த பிளேட் தொலைஞ்சு போச்சுக்கா. அண்ணாச்சி கையில கெடச்சிருக்கும்."

"நேத்து அப்பா ஒனக்காகப் போனாரா? சொல்லு, நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்."

"நானே போனேன்க்கா. கொலாபா. சத்தியமா."

இரண்டாம் வீட்டில் மனைவி மட்டும் பேசினாள். "எங்க வீட்டுல பத்லி கித்லி எல்லாம் கெடையாது. அவரு ஒழுங்கா டூட்டி பாக்குறவரு." உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. மூன்றாம் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கெஞ்சினேன். அவரும் தானேதான் போனதாகச் சொன்னார். நான்காவது, ஐந்தாவது வீட்டிலும் அதே பதில். ஆறாம் வீடு பூட்டியிருந்தது. ஏழாவது பட்டைக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மாலையில்தான் வருவார்.

திங்களன்று தாங்களே போனதாக அந்த ஐந்து வீட்டிலும் சொன்னது உண்மை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிளாட்டூனை நடத்துபவர் நாணு. மலையாளி. தொண்ணூறடி ரோட்டில் சாயா கடை. அவரிடமும் போனேன்.

"மோளே, எனக்கு ஒண்ணும் அறியாது. அந்த டப்பாவை முதல்ல உள்ள வை. ரோட்டுல வெச்சு காட்டாதே."

"எங்கப்பாவக் காணோம் நாணு சேட்டா."

"அறியாது மோளே." கிளாஸ் கழுவுவதை அவர் நிறுத்தவே இல்லை.

கடையை விட்டு இறங்கும்போது யாரோ என் தோளைப் பிடித்தார்கள். ஹாஃபிஸா லாத்தா; அக்காவை லாத்தா என்பது அவர்கள் வழக்கம். பைகள் தைப்பவள். பெண்கள் பிரிவில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறாள். அப்பாவை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள்.

"யாரு யாரு வீட்டுக்குப் போன?"

டப்பாவை நீட்டினேன். ஏழையும் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரே கோகிலா, நீ படிச்ச புள்ளதானே? இதுல இருக்குற பேரு எதுக்கு ஒனக்கு? அண்ணன் நேத்து எந்தப் பேரக் குத்திட்டுப் போனாரோ அந்தப் பட்ட அவரு சட்டையில இருக்கும். டப்பாவுல எப்படி இருக்கும்?"

எந்த எண்ணையும் இன்னொன்றோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது என்பது என் வேலையின் முதல் பாடம். பத்தேகால் மணியிலிருந்து ஒன்றேகால் வரை, மூன்று மணி நேரம், இல்லாத இடத்தில் தேடினேன்.

"எட்டாவது பட்ட ஒண்ணு இருந்திச்சு," என்றாள் லாத்தா. "ராஜபாண்டிது. வா."

ராஜபாண்டிக்கு இருபத்தாறு வயது. ஏணி வைத்து ஏறும் மாடி அறையில் தன் தாய் முத்துமாரியோடு இருக்கிறான். போலீஸ் வேலைக்கு மூன்று முறை முயன்றவன். ஊர்க்காவல் படையில் முறையாக மூன்று ஆண்டு முடித்தவர்களுக்குப் போலீஸ் தேர்வில் ஒதுக்கீடு உண்டு. அவனுக்கு ஜூனோடு மூன்று ஆண்டு முடிகிறது.

நாங்கள் ஏறிப்போனபோது படுத்திருந்தான். எழுந்து சுவரோடு உட்கார்ந்தான்.

"நான்தாங்க்கா டூட்டிக்குப் போனேன். முலுண்ட்."

"என்ன ஸ்கூலு?"

"ஏலே," என்றாள் லாத்தா, "ஒன் கண்ண நீ கண்ணாடியில பாத்தியா? மஞ்சத்தூள் போட்ட மாதிரி இருக்கு. இந்தக் கண்ணோட ஒன்னப் பஸ்ல ஏத்துனாங்களா? யாருக்குலே கத வுடுற?"

முத்துமாரி நடுவில் வந்து நின்றாள். "எம்புள்ளைய விட்ருங்க. காமால. இதப் பாத்தா உடம்பு சரியில்லன்னு பேர வெட்டிருவாங்க. இன்னும் ஒரே மாசம். தளவாய் அண்ணன் அவராத்தான் வந்து, 'நீ படுல, நான் போறேன்'னாரு. நாங்க கேக்கல."

"அவர் இன்னும் வீட்டுக்கு வரல," என்றேன்.

ராஜபாண்டி தன் தாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சுக்கா. நேத்து ரெண்டு மணி இருக்கும்."

"என்ன சொன்னாங்க?"

"ராஜபாண்டி வீடான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ராஜபாண்டிதான் பேசுறேன், டூட்டில இருக்கேன்னு சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னான். பிறகு போனை அணைத்துவிட்டதாகச் சொன்னான். இன்று காலை போட்டதும் மையத்திலிருந்து கூப்பிட்டு, மயங்கி விழுந்தாயே எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார்களாம். நல்லா இருக்கேன் என்றிருக்கிறான்.

"அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருப்பாருன்னு நெனச்சேன்க்கா."

"வந்து பாத்தியால?"

தலையை ஆட்டினான். வரவில்லை.

எட்டு ஆஸ்பத்திரிகளில் நான்காவதாகக் கேட்ட இடத்துக்கே மறுபடியும் போன் செய்தேன். முலுண்ட் பக்கம், கிழக்குப் புறநகரில் ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரி. ராஜபாண்டி என்று சொன்னேன். ஆமாம் என்றார்கள். "நீங்க யாரு?" மகள் என்றேன். நேரில் வரச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சயான் ஸ்டேஷன் வரை ஓடினேன்.

டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. உட்காரச் சொன்னார். திங்கள் ஒன்றரை மணிக்கு வாக்குச்சாவடி வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் விழுந்திருக்கிறார். வெயில், அதிக இரத்த அழுத்தம், மூளைக்குள் இரத்தக்கசிவு. போலீஸ்காரர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். சட்டையில் பட்டை, பையில் டூட்டிச் சீட்டு. சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்ததில் யாரோ தானே நோயாளி என்று சொல்லியிருக்கிறார்; விளையாட்டு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மறுபடி முயன்றபோது போன் அணைந்திருந்தது.

"நினைவு இருந்ததா?"

"மாலை வரை கொஞ்சம் இருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ். எங்களுக்குப் புரியவில்லை."

"எப்போ?"

"இன்று காலை பதினொன்று இருபது."

பதினொன்று இருபதுக்கு நான் மூன்றாம் வீட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலிலேயே தெரிந்திருந்தால்?"

"சொல்ல முடியாது."

"எத்தனை சதவீதம்?"

அவர் என்னைப் பார்த்தார். "அப்படி எண் எதுவும் இல்லை மேடம்."

பார்க்க விட்டார்கள். அப்பாதான். மீசையில் ஒரு பக்கம் பிளாஸ்டர் ஒட்டிய தடம் இருந்தது. ஆள்காட்டி விரலைத் தொட்டுப் பார்த்தேன். கட்டில் தலைமாட்டில் இருந்த அட்டையில் எழுதியிருந்தது: ராஜபாண்டி, ஆண், சுமார் 55.

டூட்டியில் நடந்த மரணம் என்பதால் போலீஸ் காகிதம் வேண்டும். காகிதம் முழுவதும் ராஜபாண்டி. உடலைத் தளவாய் என்ற பெயரில் என்னிடம் தர முடியாது என்றார்கள். நான் மகள் என்றால், சீட்டில் உள்ள ராஜபாண்டி யார், அவன் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அவனே ஸ்டேஷனுக்கு வந்து உயிரோடு நின்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் வராவிட்டால் அப்பா ராஜபாண்டியாகவே எரிய வேண்டியதுதான்.

முத்துமாரிக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. மாலை எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே வந்து எம்மவன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கித் தாரேன் தாயி. நம்ம தூக்கிட்டு வந்து ஒழுங்காக் காரியம் பண்ணிருவோம். பேரு எதுவா இருந்தா என்ன, தீக்குத் தெரியவா போவுது?"

"அப்ப ஒங்க மவன் செத்துப்போனதா ஆயிரும்."

"காயிதத்துலதான?"

"செத்தவன எந்தப் போலீஸ்ல வேலைக்கு எடுப்பாங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாணுவும் வந்தார். பிளாட்டூன் ஆட்கள் நான்கு பேர் கூடவே. யாரும் காக்கியில் இல்லை. நாணு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

"மோளே, ராஜபாண்டியோட சீட்டும் பட்டையும் கீழ விழுந்து கெடந்துது. அச்சன் எடுத்து போட்டுட்டு போயி. பழைய ஆள், ஆசை. அவ்வளவுதான். அப்படி எழுதினா பையனுக்கும் கேடில்லை, நமக்கும் கேடில்லை. மரிச்சவர் மேல கேஸ் வருமா?"

"எங்கப்பா திருடுனார்னு எழுதணுமா?"

"திருட்டுன்னு யார் சொன்னது?"

"அப்ப அதுக்கு என்ன பேரு சேட்டா?"

அவர்களில் ஒருவர், நான் காலையில் போன மூன்றாம் வீட்டுக்காரர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க எட்டுப் பேரு பொழப்பும்மா. இது வெளிய வந்தா எட்டு பேரும் வெட்டு."

அம்மா அதுவரை மூலையில் இருந்தாள். அவளுக்கு நான் இன்னும் எதையும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. பெயர் நீக்கம் அவளுக்குத் தெரியாது. இப்போது எழுந்து வந்தாள்.

"எட்டுப் பேரா? அப்ப ரெண்டு வருசமா நான் எவன் எவன் பேருல துணி தொவச்சேன்?"

என் பக்கம் திரும்பினாள்.

"எம்புருசன் பேரு படையில இல்லையாட்டி?"

"இல்லம்மா. ரெண்டாயிரத்து இருபத்திரண்டுலயே எடுத்துட்டாங்க. பிரஷர்."

அம்மா அழவில்லை. அவர்கள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "செத்த பொறவும் அடுத்தவன் பேருலயே கெடக்கணுமா அவரு? போங்கவே. எல்லாரும் வெளிய போங்க."

போனார்கள். முத்துமாரி கடைசியாகப் போனாள். ராஜபாண்டி வருவான் என்று அவள் சொல்லவில்லை. வர மாட்டான் என்றும் சொல்லவில்லை.

புதன் காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் இருந்தேன். லாத்தா கூட வந்தாள். அவள் வந்ததை யாராவது பார்த்தால் அவளுக்கும் வெட்டு. சொன்னேன். "வாய மூடிட்டு நில்லு" என்றாள். பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. வெயில் ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து, இன்று எடுக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று போன் வந்தது. பெயர் தெரியாத உடல்களை வைக்கும் இடம்.

பத்து ஐம்பதுக்கு ஒரு ஆட்டோ வந்தது. முத்துமாரி இறங்கி, பிறகு அவனை இறக்கினாள். ஒரே நாளில் கண் இன்னும் மஞ்சளாகியிருந்தது. காக்கி போட்டிருந்தான். சட்டையில் பட்டை இல்லை. அது ஆஸ்பத்திரியில் அப்பாவின் துணி மூட்டையில் இருந்தது.

உள்ளே சப் இன்ஸ்பெக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"தூ ராஜபாண்டி? தோ மரா கோன்?" நீ ராஜபாண்டி என்றால் செத்தது யார்?

"தளவாய் அண்ணாச்சி சார். எனக்குப் பதிலா வந்தாரு." இந்தியில் தொடங்கிப் பாதியிலேயே தமிழுக்குப் போய்விட்டான். லாத்தா அதை இந்தியில் சொன்னாள். "சீட்ட நான்தான் குடுத்தேன். அவரு எடுக்கல."

இன்ஸ்பெக்டர் எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது ஏன் பொய் சொன்னாய்?"

"அது ரூல் சார்."

"என்ன ரூல்?"

"பத்லி போட்டா, டூட்டி நேரத்துல யார் போன் பண்ணுனாலும், 'நான்தான் பேசுறேன், டூட்டில இருக்கேன்'னு சொல்லணும். வேற ஒரு வார்த்த பேசக் கூடாது. போனை அணைச்சிரணும். மேலதிகாரிங்க அப்படித்தான் செக் பண்ணுவாங்கன்னு."

"யார் சொன்ன ரூல்?"

ராஜபாண்டி என் பக்கம் திரும்பினான். முதல் முறையாக முகத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி தான்க்கா சொல்லிக்குடுத்தாரு. எங்க எட்டுப் பேருக்கும். திங்கக் காலம்பற கூட, சீட்ட வாங்கும்போது, என்னை ரெண்டு தடவ சொல்லிக் காட்டச் சொன்னாரு. நான் சொன்னேன். சரின்னுட்டு போனாரு."

லாத்தா இதை மட்டும் உடனே மொழிபெயர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

வாக்குமூலம் மூன்று பக்கம் வந்தது. ராஜபாண்டி கையெழுத்துப் போட்டான். நான் போட்டேன். என் அப்பாவின் ஆதார் நகலை இணைத்தார்கள். பன்னிரண்டு நாற்பதுக்குப் புதிய காகிதம் அச்சாகி வந்தது. இறந்தவர் பெயர்: தளவாய். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். அதற்குக் கீழே, "அனுமதியின்றிப் பணியில் இருந்த நபர்" என்று மராத்தியில் எழுதியிருந்தது. அதை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். அது உண்மைதானே என்றும் கேட்டார்.

பிறகு இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார். அவர் கெட்டவர் அல்ல. "இந்தப் பையன் மேல் புகார் எழுதுகிறீர்களா? நேரத்துக்குத் தகவல் தராமல் மறைத்திருக்கிறான். எழுதினால் எடுத்துக்கொள்வேன். போலீஸ் வேலையை அவன் ஜென்மத்துக்கும் மறந்துவிட வேண்டும்."

வெளியே பெஞ்சில் முத்துமாரி அவனுடைய தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. திங்கள் இரண்டு மணிக்கு இவன் ஒரே ஒரு வாக்கியம் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால், நான் மூன்று மணிக்கு அந்தக் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பேன். அப்பாவுக்கு அப்போது நினைவு இருந்தது. தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என்ன சொன்னார் என்பது இனி ஒருவருக்கும் தெரியாது. பேனாவைத் திறந்தேன். புகாரை நடந்த வரிசையில்தான் எழுத வேண்டும். அந்த விதி யாருடையது என்பதில் தொடங்கினால் முதல் வரியில் அப்பாவின் பெயர் வரும்.

எழுதவில்லை. மன்னித்துவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றுவரை மன்னிக்கவில்லை. யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு உடலைக் கொடுத்தார்கள். பிளாட்டூனில் இருந்து எவரும் வரவில்லை; வந்தால் தாங்களும் பத்லி வைத்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வாக்குமூலத்தில் ராஜபாண்டி வேறு எவருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆகவே வெட்டு விழுந்தது அவன் ஒருவனுக்குத்தான். பட்டறைக்காரர்கள் நான்கு பேர் தூக்கினார்கள். ஹாஃபிஸா லாத்தா மட்டும் காக்கியில் சயான் மயானத்தின் வெளிக்கேட்டுவரை வந்தாள். ராஜபாண்டியும் வந்து ஓரமாக நின்றான். அம்மா அவனைப் பார்த்துவிட்டு நேராக அவனிடம் போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து நான் பின்னால் ஓடினேன்.

"அவரு என்னமாவது சொல்லிட்டுப் போனாரால?" என்று கேட்டாள். "காலம்பற. ஒன் வீட்டுல இருந்து எறங்கும்போது."

அவன் யோசித்தான்.

"ஏணி ஆடுது, கயிறு போட்டுக் கட்டுலன்னாரு அத்த."

"கட்டுனியா?"

"இல்ல."

"போய்க் கட்டு," என்றாள் அம்மா.